பரணில் கிடக்கும் லேப்டாப்

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அப்படி வந்தவற்றில் சில இன்னும் பரணிலோ பீரோவுக்கு மேலோ கிடக்கின்றன. தூசி தட்டி ஆன் செய்தால், விண்டோஸ் எழுந்து வருவதற்குள் உலை கொதித்துவிடும். ஆனால், தொடக்கத்தில் அவற்றில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸ் அது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

பழைய லேப்டாப் தளர்ந்துபோவதற்கு வயது மட்டும் காரணமல்ல. அதன் பிராசஸர் அன்று போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் போடுகிறது. ஏறிக்கொண்டே போவது மென்பொருளின் சுமை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ பழைய பிராசஸர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. இந்த இடத்தில்தான் லினக்ஸ் கைகொடுக்கிறது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதி வெளியிட்டது லினக்ஸ் கருநிரல். ராம், டிஸ்க், கீபோர்டு எல்லாவற்றையும் மேய்க்கும் மேஸ்திரி அது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த ‘குனு’ திட்டத்தின் கருவிகளும் அதனுடன் சேர்ந்தபோது முழு இயங்குதளம் கிடைத்தது. இத்தகைய மென்பொருளை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்பார்கள். அந்த ‘ஃப்ரீ’ காசில்லாததா, கட்டில்லாததா என்ற குழப்பம் உண்டு. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. இது கட்டற்ற மென்பொருள்: யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. புதியவருக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எடை குறைந்தது. 2 ஜிபி ராமிலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் நெரிசல் இருக்காது. இணையத்தில் ஐஎஸ்ஓ கோப்பாகக் கிடைக்கிறது. அதை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். வெறுமனே காப்பி செய்து போட்டால் லேப்டாப் அதிலிருந்து எழாது. ரூஃபஸ், எட்சர் போன்ற செயலிகள்தான் அதை முறையாக எழுதித் தரும். எழுதும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்த கையோடு குறிப்பிட்ட ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. எதிலிருந்து தொடங்குவது என்று பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சற்று நேரத்தில் மின்ட் திரை விரியும்.

புதியவர் பயப்படத் தேவையில்லாத இடம் இது. இந்த ‘லைவ்’ நிலையில் மின்ட் பென் டிரைவிலிருந்து ராமில் ஏறி ஓடுகிறது. ஹார்ட் டிஸ்கைத் தானாக மாற்றுவதில்லை. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். வைஃபை மட்டும் முரண்டு பிடித்தால் கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தில் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா, அணைத்துவிட்டுப் பென் டிரைவை உருவிவிடுங்கள். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பிடித்திருந்தால் திரையிலுள்ள நிறுவும் ஐகானைச் சொடுக்கலாம். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே மின்டை வைப்பதா, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவதா என்று ஓரிடத்தில் கேட்கும். அங்கே கையை எடுத்துவிட்டு யோசியுங்கள். படங்கள், சான்றிதழ்கள், பழைய கடிதங்கள் எல்லாம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கின்றனவா? பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கடிதத்தை உங்களாலேயே படிக்க முடியாது.

லினக்ஸில் எல்லாமே கிடைத்துவிடாது. விண்டோஸுக்கென எழுதிய கணக்கு மென்பொருள்கள் பலவும் நேரடியாக ஓடமாட்டா. வேர்ட் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். சில இடங்களில் பத்தி அமைப்பு கலையலாம். வீங்கிய பேட்டரிக்கு எந்த இயங்குதளமும் மருந்தல்ல; அதை உடனே மாற்றியாக வேண்டும். ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்கூடாகத் தெரியும்.

நிறுவி முடித்ததும் ‘ஐபஸ்’ என்ற உள்ளீட்டுச் செயலி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். அ, ம, ம, ஆ என நான்கே விசைகள். முதல் மகரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். திரையில் ‘அம்மா’ என்று வந்து நிற்கும்.