அவன் வரும்வரை தூங்காத அம்மாவுக்கு...
25 வயது மகன் ராத்திரி எப்போது கதவைத் தட்டுவான் என்று ஹாலிலேயே விழித்திருக்கும் அம்மாவா நீங்கள்? 'என் வளர்ப்புதான் சரியில்லையோ' என்ற குடைச்சல் ஒருபக்கம். 'பையன் என்ன பண்றான்?' என்று கேட்பார்களே எனக் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியிருப்பீர்கள். முதலில் அங்கே போங்கள். கேட்டால், 'வீட்லதான் இருக்கான்' என்ற பதில் போதும்.

அவன் கத்தினால் பதிலுக்குக் கத்தாமல், 'காலையில பேசலாம்' என்று எழுந்துவிடுங்கள். காலையில் மறக்காமல் பேசவும் வேண்டும்; அதுதான் கஷ்டம். கை ஓங்கினால் மட்டும் பொறுத்துப்போகாதீர்கள், அக்கம்பக்கத்தைக் கூப்பிடுங்கள்.

மனசு தாங்கவில்லையா? மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். 'அவன்தான் பேச மாட்டேங்கிறானே' என்று போனை வைத்துவிடாதீர்கள். உங்களுக்காகப் பேசுங்கள். 'எனக்குத் தூக்கமே வரலைங்க' என்று ஆரம்பித்தால்கூடப் போதும்.