பதுக்கிய பக்கத்தின் ஆயுட்கணக்கு

க.பொ.த. பெறுபேறு வெளியாகும் நாளிற் கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டை எங்கணும் மாணவர் ஒரே வலைப்பக்கத்தை நாடுவர். மூல வழங்கி அனைவர்க்கும் தனித்தனி விடையிறுத்தல் அரிது. ஆதலின் அதற்கு முன்னே நிறுத்திய இடைக்கணினியும் மாணவனது உலாவியும் பக்கத்தின் படியைப் பதுக்கி வைக்கும். இடர் ஈண்டே தோன்றுகின்றது. பெறுபேறு வந்த பின்னரும் 'இன்னும் வெளியாகவில்லை' என்னும் பழம்படியே அவன் கண்முன் நிற்றல் கூடும். அப்படி எப்பொழுது காலாவதியாகும்?

ஆயுளினின்று வயதைக் கழிக்க எஞ்சுவதே பயன்படு காலம். ஆயுளை அனுப்புவோர் 'மாக்ஸ்-ஏஜ்' என்னும் குறிப்பாற் செக்கனில் உரைப்பர். 600 செக்கன் ஆயுளுடைய பக்கம் இடைக்கணினியில் 420 செக்கன் தங்கியிருப்பின், 'ஏஜ்' என்னும் குறிப்பு அதனை அறிவிக்கும். உலாவிக்கு எஞ்சுவன 180 செக்கன்களே. 'மாக்ஸ்-ஏஜ்' இல்வழி, 'எக்ஸ்பயர்ஸ்' என்னும் முடிவு நேரத்தினின்று 'டேட்' என்னும் அனுப்பிய நேரத்தைக் கழிப்பர். அதுவும் இல்வழி ஊகமே துணை: பக்கம் திருத்தப்பட்ட பின் கடந்த காலத்திற் பத்திலொரு பங்கை ஆயுளாகக் கொள்ளுதல் பெருவழக்கு. பத்து நாள் மாறாதிருந்த பக்கத்திற்கு ஒரு நாள்! பெறுபேற்றுப் பக்கத்தை இவ்வூகத்திற்கு விடுதல் எமக்கு உடன்பாடன்று.

இனி மணிக்கூடு. இக்குறிப்புகளில் வரும் நேரமெல்லாம் கிறீன்விச் நேரமே. இலங்கை நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. 1996 மே மாதத்தில் ஆறரையாகி, அவ்வாண்டு ஒக்ரோபரில் ஆறாகி, 2006 ஏப்பிரிலில் மீண்டும் ஐந்தரையாயிற்று. நேரவலயம் மாறினும் கிறீன்விச் நேரம் அசையாது. ஆயின் 2006 இல் ஒருவர், வழங்கியின் நேரவலயத்தை மாற்றாது மணிக்கூட்டை மட்டும் அரைமணி பின்தள்ளினார் எனக் கொள்வோம். அவ்வழங்கி கூறும் கிறீன்விச் நேரமும் அரைமணி பின்தங்கும். பெறுவோர் மணிக்கூடு சரியாயின், அக்கணம் பிறந்த பக்கமும் 1,800 செக்கன் வயதினதாய்த் தோன்றும். 600 செக்கன் ஆயுள் வந்தவுடனே முடிந்ததாம். இதனால் விளைவது தாமதமே. பெறுவோர் கணினியை, பக்கம் பதுக்கிய பின்னர், அவ்வாறே பின்தள்ளினாலோ பழம்படி அரைமணி மிகுதியாக வாழும். மாணவனை ஏமாற்றுவது இதுவே.

காலாவதியான படி உடனே எறியப்படுவதன்று. உலாவி வழங்கியை வினவும். மாற்றமில்லையேல் 304 என்னும் சிறுவிடை வந்து படிக்கு மீண்டும் உயிரளிக்கும். 'நோ-காஷ்' என்னும் கட்டளை, பெயர்க்கு மாறாக, பதுக்குதலைத் தடுப்பதன்று; ஒவ்வொரு முறையும் வினவியே வழங்குக என்பதே அதன் பொருள். தடுப்பது 'நோ-ஸ்டோர்'. பெறுபேற்றுப் பக்கத்திற்கு முன்னதே போதுமானது.