விரல் மடங்கிய கண் மருத்துவர்

கேரி தீவில் செம்பனைத் தோட்ட வேலை முடிந்து வீடு திரும்பியிருக்கும் நேயர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. பணி ஓய்வு பெற்றதும் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?

மதுரையில் ஒரு கண் மருத்துவர் இருந்தார். கோவிந்தப்ப வெங்கடசாமி. ஊருக்கே அவர் டாக்டர் வி. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணி மடங்கிவிட்டன. பேனா பிடிப்பதே சிரமம். அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்! கேட்கும்போதே சிலிர்க்கிறது, இல்லையா?

58 வயதில் அரசுப் பணி ஓய்வு. அதே 1976இல், உடன்பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, வெறும் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுதான் அரவிந்த். வசதியுள்ளவர் கட்டணம் கொடுப்பார். அந்தப் பணத்திலேயே இல்லாதவருக்கும் பார்வை கிடைக்கும். கிராமம் கிராமமாக முகாம் போட்டு, நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துவந்து சிகிச்சை கொடுக்கிறார்கள், இன்றைக்கும்.

உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டிக்குக் கண் மங்கலாகத் தெரிகிறதா? கண்புரையாக இருக்கலாம். அடுத்த முறை கிளினிக் போகும்போது கண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள்.