எஞ்சின் ஆயில் டப்பாவில் ‘5டபிள்யூ-30’ என்று இரண்டு எண்கள் ஏன்?

வெல்லப்பாகைக் கவனித்திருப்பீர்கள். சூட்டில் ஓடும், ஆறினால் கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். அதனால்தான் குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என இரண்டு எண்கள்.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. முன்னுள்ள எண் சிறியதானால், கடுங்குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும். பின்னுள்ள 30, சூடான எஞ்சினில், 100 டிகிரி செல்சியஸில், அதன் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. 40 இன்னும் கெட்டி.

கெட்டியானதே நல்லதா? இல்லை. அளவுமீறினால் எரிபொருள் வீணாகும். மிகவும் நீர்த்தால் உலோகங்கள் உரசும்.

பழைய ஆயிலை ஆய்வகத்தில் சோதித்தால் எஞ்சினின் நிலையும் தெரியும். இரும்பு கூடியிருந்தால் தேய்மானம். சிலிக்கான் கூடியிருந்தால், ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி நுழைந்திருக்கலாம். ஆயில் நீர்த்திருந்தால் பெட்ரோல் கலந்திருக்கலாம்.

ஒரே ஆய்வக அறிக்கையை நம்பி முடிவெடுக்காதீர்கள். அடுத்தடுத்த அறிக்கைகளை ஒப்பிடுங்கள். கிரேடை, அதாவது டப்பாவிலுள்ள அந்த எண்களை, மாற்றும் முன் வண்டியின் கையேட்டைப் புரட்டுங்கள்.