சாம்பாரும் விண்கலமும்

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் எங்கள் கார் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. காவலூர் வானாராய்ச்சி நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று துடித்தவன் அக்காள் மகன்தான். ஆனால் பையன் செல்போனிலிருந்து தலை நிமிரவேயில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூன்று மாதம் பாடுபட்டு ஒரு விளையாட்டில் அவன் கட்டிய விண்கலம், புது 'அப்டேட்' வந்ததும் மாயமாய் மறைந்துவிட்டதாம்! தயாரித்தவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அந்தச் சொற்களைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

"ஏண்டா, உன் அப்பா 'சாம்பார் சகிக்கவில்லை' என்று தட்டைத் தள்ளினால் அம்மா என்ன செய்வாள்? 'உப்புக் கரிக்கிறது' என்றால் அல்லவா மறுவேளை சரியாகும்?"

"போங்க சித்தி! திட்டினால்தான் உறைக்கும்" என்றான்.

உறைக்கிறதா? 2016-ல் இங்கிலாந்தின் 'ஹலோ கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட இருந்தது. சில வாரம் தாமதம் என்று அறிவித்ததற்கே அதன் தலைவர் ஷான் மர்ரேக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன! ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தது. எதிர்பார்த்த பல அம்சங்களைக் காணோம். பலருடைய கம்ப்யூட்டரில் பாதியிலேயே நின்றது. பணம் கொடுத்தவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வசவு மழையில் நிறுவனம் மாதக் கணக்கில் வாய் மூடிக்கொண்டதுதான் மிச்சம். நவம்பரில் தொடங்கி, காசு வாங்காமலே ஒவ்வொன்றாகத் திருத்தங்கள் வந்தன. ஏசியவர்களே பிற்பாடு மெச்சினார்கள்.

இன்னொரு மனிதர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத். விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளை அச்சுக்கு அமைக்கும் 'டெக்' மென்பொருளை ஆக்கியவர். தம் புத்தகங்களில் பிழை கண்டு சொன்னவருக்கு 2 டாலர் 56 சென்டுக்குச் செக் எழுதிக் கொடுத்தார்! 2008-க்குப் பிறகு நிஜச் செக் நின்று, வேடிக்கையான சான்றிதழ் வந்தது. செக் பெற்றவர்களில் பலர் அதை பாங்கில் போடவில்லை. சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். திட்டியவருக்கு இந்தப் பாக்கியம் உண்டா, என்ன?

காவலூரில் வைணு பாப்பு தொலைநோக்கியின் கீழ் நின்றோம். கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். இயங்கத் தொடங்கியது 1986-ல். எந்த நட்சத்திரம், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில் என்று குறிக்காவிட்டால், பார்த்தும் பயனில்லை என்பது வானியல்காரர்களின் தொழில் தர்மம். பையன் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது பழைய கடிதத்தை அழித்துவிட்டு வேறு எழுதினான். எந்த செல்போன், எந்த அப்டேட், எந்தப் பொத்தானைத் தொட்டதும் கப்பல் மறைந்தது, திரும்பச் செய்தாலும் மறைகிறதா, எல்லாம் வரிசையாக. கோபம் போகவில்லை, கடைசியில், "மூன்று மாத உழைப்பு ஐயா!" என்று ஒரு வரி இருந்தது. அது இருக்கட்டும் என்றேன்.

மலையில் சிக்னல் இல்லை. ஆலங்காயம் வந்ததும் அனுப்பினான்.