கினிப்பன்றிக்குக் கண்நோய்! கண்ணோடு வயிற்றையும் கவனியுங்கள்

அது பன்றியும் அல்ல. கினி நாட்டுப் பிராணியும் அல்ல. ஆனாலும் கினிப்பன்றி என்று பெயர் விழுந்து விட்டது! அதன் பிறப்பிடம் தென் அமெரிக்காவில் உள்ள ஆண்டிஸ் மலைப் பிரதேசம். எலி, அணில் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. வெளியே தெரியும்படி வால் கிடையாது. பரம சாது. புல்லைக் கண்டால் மட்டும் "வீக்... வீக்..." என்று வீடே அதிரக் கத்தும். சீமைப் பெருச்சாளி என்றும் இதைச் சொல்வது உண்டு.

முயலும் புறாவும் வளர்த்த வீடுகளில் இப்போது இதுவும் குடியேறி இருக்கிறது. சேலையூரில் எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. என் மகள் அதற்குச் "சிங்காரி" என்று பெயர் வைத்திருக்கிறாள். எடை 850 கிராம்.

சென்ற மே மாதம் ஒரு நாள் காலை. மகள் ஓடி வந்தாள்.

"அப்பா! சிங்காரி ஒரு கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது!"

போய்ப் பார்த்தேன். இடது கண் இமை வீங்கி, மஞ்சள் நிறப் பீளை கட்டி ஒட்டிக் கொண்டிருந்தது. ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்ததும் கண் கொஞ்சம் திறந்தது. உள்ளே கருவிழியின் மேல் நீர்மோர் தெளித்தது போல ஒரு வெளுப்பு! பிராணி உடம்பைக் குறுக்கி, மயிரைச் சிலிர்த்துக் கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நல்ல ஆரோக்கியமான கினிப்பன்றியின் கண்ணிலும் சில சமயம் பால் போல வெள்ளையாக நீர் வரும். அதை இரண்டு முன்னங்கால்களாலும் தொட்டு முகம் கழுவிக் கொள்ளும். அது நோய் அல்ல. ஒரு நிமிடத்தில் மறைந்து விடும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பீளை கட்டுவது, கண் சிவப்பது, இமை வீங்குவது, விழி வெளுப்பது, கண் பிதுங்குவது, இவைதான் நோய்.

நான் செய்த தவறு

"நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்று. இல்லாவிட்டால் தாய்ப்பால் இரண்டு சொட்டு விடச் சொல்" என்றார் என் தாயார். நான் படித்தவன் அல்லவா! அதெல்லாம் கூடாது என்று சொல்லி விட்டேன். பிறகு நான் செய்தது என்ன தெரியுமா? வீட்டில் எல்லோருக்கும் மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து பெட்டியில் மிச்சம் இருந்தது. அதை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன்.

என் தாயார் சொன்ன வைத்தியத்தை விட அது பெரிய ஆபத்து என்று கால்நடை டாக்டரம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் முதலில் அறையின் விளக்கை அணைத்தார். ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த ஒரு காகிதத் துண்டை நனைத்துச் சிங்காரியின் கண்ணில் தொட்டார். நீல விளக்கைக் காட்டினார். கருவிழியில் ஓரிடத்தில் மட்டும் பச்சையாக ஒளி வீசியது. அரிசி நொய் அளவு இருக்கும்.

"பார்த்தீர்களா? விழியின் மேல்தோல் உரிந்த இடத்தில்தான் இந்தச் சாயம் ஒட்டும். அங்கே புண் இருக்கிறது. கூண்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"வைக்கோல்" என்றேன்.

"வைக்கோல் துரும்பு குத்தியிருக்கும். அதில் கிருமி புகுந்து விட்டது."

நான் கொண்டு போயிருந்த மருந்துப் புட்டியை வாங்கிப் பார்த்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. கண்ணில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறாது. கிருமிக்குக் கொண்டாட்டம்! புண் ஆழமாகிக் கண்ணே ஓட்டையாகி விடலாம். நல்ல வேளை, இரண்டு சொட்டோடு நிறுத்தினேன். சாயம் வைத்துப் பார்க்காமல் எந்தச் சொட்டு மருந்தும் கூடாது. மனிதர் கண்ணுக்கும் இது பொருந்தும்.

கண்நோய்க்குத் துரும்பு மட்டும் காரணம் அல்ல. கூண்டைச் சுத்தம் செய்யாமல் விட்டால் மூத்திரத்திலிருந்து கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வாயு கிளம்பும். மரத்தூளின் தூசி விழும். கிளமிடியா என்ற கிருமி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். இந்தப் பிராணியின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்து கொண்டே இருக்கும். பல்லின் வேரில் சீழ் பிடித்தாலும் கண் பிதுங்கும். காரணத்துக்குத் தக்கபடி மருந்து மாறும்.

உயிர் காக்கும் மருந்தே எமன்

"டாக்டரம்மா, குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் வீட்டில் இருக்கிறது. வாய் வழியாகக் கொஞ்சம் கொடுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கொடுத்தால் அதைக் கொன்று விடுவீர்கள்!" என்றார்.

காரணம் இதுதான். கினிப்பன்றியின் குடலில் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் இருந்து புல்லைச் செரிக்க உதவுகின்றன. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் போன்றவை அந்த நல்ல கிருமிகளை அழித்து விடும். விஷக் கிருமிகள் பெருகும். சில நாட்களில் பிராணி இறந்து விடும்.

1940-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பெனிசிலினை முதலில் எட்டுச் சுண்டெலிகளிடம் சோதித்தார்கள். எல்லாவற்றுக்கும் விஷக் கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். மறுநாள் அந்த நான்கும் உயிரோடு இருந்தன. மற்ற நான்கும் இறந்து விட்டன. கினிப்பன்றிக்குப் பெனிசிலின் ஆகாது என்பது 1943-ல் அமெரிக்காவில் தெரிய வந்தது. ஆக்ஸ்போர்டில் சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றியை எடுத்திருந்தால்? "இது விஷம்" என்று பெனிசிலினைத் தூக்கி எறிந்திருப்பார்களோ என்னவோ!

சிங்காரிக்கு அவர் கொடுத்தது வேறு சொட்டு மருந்து. நான்கு மணிக்கு ஒரு முறை விட வேண்டும். வலி குறைய வாய் வழியாக ஒரு மருந்து. பிறகு அவர் சொன்னார்: "கண்ணை மருந்து பார்த்துக் கொள்ளும். வயிற்றை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். கண் போனால் இது பிழைத்துக் கொள்ளும். தீனி நின்றால் பிழைக்காது."

தாம்பரத்துக்குத் தெரிந்த வைத்தியம்

நல்ல தீனி, நல்ல காற்று, ஓய்வு. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர் சானடோரியம் ஞாபகம் வந்தது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அப்போது கிடையாது. காற்றும் சாப்பாடும் ஓய்வும்தான் சிகிச்சை. ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர் நிலைத்து விட்டது.

அந்தக் காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882-ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் நிரூபித்தது எதை வைத்து? கினிப்பன்றிகளை வைத்துத்தான். பிறகு பல ஆண்டுகள், ஒருவருக்குக் காசநோய் உண்டா என்று அறிய, அவருடைய சளியைக் கினிப்பன்றிக்கு ஏற்றி, வாரக்கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள். சென்னையிலும் இதன் உதவி உண்டு. நம் பக்கத்துக் காசநோய்க் கிருமிக்கும் இங்கிலாந்துக் கிருமிக்கும் கொடுமையில் வித்தியாசம் உண்டு என்று 1960-ல் வெளியான ஆராய்ச்சியில் சொன்னதும் கினிப்பன்றிகள்தான்.

சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1959-ல் இன்னொன்றையும் உலகத்துக்குக் காட்டியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், வீட்டில் இருந்தே சிகிச்சை பெறுபவரும் சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலவே குணமடைவார். அதில் முக்கியமான வார்த்தை "ஒழுங்காக" என்பதுதான். எங்கள் வீட்டிலும் அதுதான் பெரும்பாடாக இருந்தது.

மூன்றாம் நாள் இரவு

முதல் இரண்டு நாளும் சிங்காரி கொஞ்சம் கொறித்தது. மூன்றாம் நாள் கொத்தமல்லியைக் கூட முகர்ந்து பார்த்து விட்டுத் திரும்பிக் கொண்டது. புழுக்கை குறைந்து போயிற்று.

இந்தப் பிராணியின் குடல் எப்போதும் ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். உள்ளே தீனி போகாவிட்டால் குடல் நின்று விடும். வாயு சேரும். வயிறு உப்பும். வலியில் இன்னும் தின்னாது. ஒரு நாள் முழுப் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். அவர் சொன்னபடி, அதன் தீனி உருண்டைகளை வெந்நீரில் ஊற வைத்துக் கூழாகக் கரைத்து, ஆறிய பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்தோம். பிராணியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொள்ள வேண்டும். மல்லாத்தக் கூடாது. முன் பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் இடைவெளி இருக்கும். அதன் வழியாக அரை மில்லி, ஒரு மில்லியாக விட வேண்டும். அது மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் மூச்சுக் குழாயில் போய்விடும். இரவு பத்து மணிக்கும், இரண்டு மணிக்கும், விடியற்காலையிலும் என் மனைவியும் நானும் மாற்றி மாற்றி ஊட்டினோம். "மூன்று பிள்ளை வளர்த்தேன், இப்படி ஒரு நாளும் முழிக்கவில்லை" என்றார் என் தாயார். ஆனால் அவரும் தூங்கவில்லை!

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்தோம். 850 கிராம் 790 ஆகியிருந்தது. பத்தில் ஒரு பங்கு இளைத்தால் உடனே தூக்கி வரச் சொல்லியிருந்தார். அதாவது 765. அந்த எண்ணை என் மகள் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைத்தாள்.

மருந்து விடுவதும் ஒரு கலை. கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, பீளையை ஊற வைத்துத் துடைக்க வேண்டும். ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான். புட்டியின் முனை கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். முடிந்ததும் மறுபடி கை கழுவ வேண்டும்.

நெல்லியும் கொய்யாவும்

மனிதனைப் போலவே கினிப்பன்றியும் வைட்டமின் "சி"யைத் தன் உடம்பில் தயாரிக்க முடியாத பிராணி. அது குறைந்தால் ஈறு வீங்கும், மூட்டு வலிக்கும், புண் ஆறாது. 1907-ல் நார்வே நாட்டு விஞ்ஞானிகள் இருவர் இதன் மூலம்தான் ஸ்கர்வி நோயின் மர்மத்தைத் துலக்கினார்கள். நோயில் கிடக்கும்போது அதற்கு வைட்டமின் "சி" இன்னும் அதிகம் தேவை. அளவை டாக்டர் சொல்வார். தண்ணீரில் கலந்து வைத்தால் சத்து வீணாகி விடும்.

குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழை, சிறு கொய்யாத் துண்டு நல்லது. நெல்லிக்காய் புளிப்பு, ஒரு சிறு கீற்றுப் போதும். முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. தினமும் கொடுத்தால் மூத்திரப் பையில் கல் உண்டாகலாம். வெங்காயம், பூண்டு, உருளைக் கிழங்குத் தழை கூடவே கூடாது. முக்கியத் தீனி புல்தான். பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதை வாங்கி நன்றாகக் கழுவிப் போட்டோம். வைக்கோலை எடுத்து விட்டுப் பழைய பருத்தித் துண்டுகளை விரித்து, தினமும் மாற்றினோம்.

மே மாத வெயிலும் ஒரு எதிரி. ஆண்டிஸ் மலைப் பிராணிக்கு 30 டிகிரிக்கு மேல் போனாலே தாங்காது. தாம்பரத்தில் 40 டிகிரி அடிக்கிறது! கூண்டை வீட்டின் நடுக்கூடத்துக்கு மாற்றி, ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்க விட்டோம். படுத்துக் கொள்ள ஒரு குளிர்ந்த மண் ஓடு. மின்விசிறிக் காற்று நேராகக் கண்ணில் படாமல் பார்த்துக் கொண்டோம்.

ஐந்தாம் நாள் எடை 780. ஆறாம் நாளும் 780. ஏழாம் நாள் காலை 795! அன்று அருகம்புல்லைத் தானாகவே இழுத்துத் தின்றது.

பத்தாம் நாள் கண் தெளிந்து விட்டது போலத் தோன்றியது. மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டோம். மறுபடி சாயம் வைத்துப் பார்த்தார். ஊசி முனை அளவு பச்சை இன்னும் இருந்தது! மூன்று வாரம் விட்ட பிறகுதான் அது மறைந்தது.

எல்லாக் கால்நடை டாக்டர்களும் கினிப்பன்றியைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே விசாரித்து வைத்துக் கொள்ளுங்கள். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

சிங்காரியின் இடது கண்ணில் இப்போது கடுகளவு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அந்தப் பக்கம் பார்வை கொஞ்சம் மங்கல்தான். அதனால் நாங்கள் வலது பக்கமாகவே கூண்டை நெருங்குகிறோம். அதற்கு அதைப் பற்றிக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கீரைக்காரம்மாள் குரல் கேட்டதும், எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கத்தத் தொடங்கி விடுகிறது. எடை 870 கிராம்.