கைப்பையில் ஒரு துப்பாக்கி: காப்பா, சுமையா?

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் விடிவதற்கு முன்பே மீன் எடுக்கக் கிளம்பும் பெண்கள் உண்டு. கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெசன்ட் நகரில், இரவுப் பணி முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்களும் உண்டு. ஆளரவமற்ற தெருவைக் கடக்கும்போது இரு சாராருக்கும் ஏற்படும் அச்சம் ஒன்றுதான். அந்த அச்சத்துக்கு விடையாக அரசு நிறுவனம் ஒன்று முன்வைத்த பொருள், அரைக் கிலோ எடையுள்ள ஒரு ரிவால்வர்.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. ‘நிர்பயா’ என்ற பெயரை நினைவூட்டும் அந்தச் சொல்லுக்கும் அஞ்சாமை என்றே பொருள். டைட்டானியம் கலப்பு உலோகத்தால் ஆன அது .32 ரகத் தோட்டாக்கள் ஆறைக் கொள்ளும். கைப்பையில் அடங்கும் என்பதே அதன் விளம்பரம். அறிமுகமானபோது அதன் விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாயாக இருந்தது.

எடை குறைவது நன்மைதானே என்று தோன்றும். ஆனால், துப்பாக்கியின் எடைக்கும் ஒரு பணி உண்டு. தோட்டா பாயும்போது எழும் பின்னுதைப்பை அந்த எடையே தாங்கிக்கொள்கிறது. எடை குறையக் குறைய அந்த உதை கைக்கு மாறும், குறி தவறும். குழல் குட்டையாக இருப்பதால் சிறு பிழையும் பெரிதாகும். இடைவிடாத பயிற்சி இன்றி இதைக் கையாள இயலாது. பயிற்சிக்குச் சுடுதளம் வேண்டும். உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்கவும் முடியாது.

உரிமம் பெறுவதும் எளிதன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல் துறையின் விசாரணை அறிக்கை வேண்டும். உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான பாதுகாப்புத் தேவை இருப்பதை நிறுவ வேண்டும். சென்னையில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாநகரக் காவல் ஆணையரிடம் உள்ளது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டுகள் செல்லும்; ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

அதன் பிறகுதான் அன்றாட வாழ்க்கை தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முழுவதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவதே விதிமீறல். மெட்ரோ ரயிலில் அனுமதி இல்லை. பேரங்காடி வாசலில் சோதனைக் கருவி தடுக்கும். தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி ஆணை வரும். சென்னையின் வியர்வையும் கடற்காற்றின் உப்பும் எஃகு உறுப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் அடிக்கடி துடைத்து எண்ணெய் இட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டும் சாவியும் ஓயாத கவலை. கைப்பையை ஆட்டோவில் மறந்துவிட்டு வருவது இனி வெறும் மறதி அன்று. குற்ற விசாரணைக்கு உரிய செய்தி.

பயன்படுத்தும் தருணம் வந்தால்? கொலை, பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு போன்ற தாக்குதலின்போது உயிர் போகும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா அளிக்கிறது. ஆயினும், தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிக்கக் கூடாது என்பது அதே சட்டத்தின் வரம்பு. அந்த வரம்புக்குள்தான் நின்றோமா என்பது பின்னர் நீதிமன்றத்தில் ஆராயப்படும்.

இவற்றையெல்லாம்விட அடிப்படையான சிக்கல் வேறொன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுவது இது: பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், நண்பர் என்று நம்பியவருக்கு எதிராகக் கைப்பையைத் திறக்க யாருக்கு முன்கூட்டித் தோன்றும்?

சென்னை இதை வேறு விதத்தில் அறிந்திருக்கிறது. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் இருட்டில் பாய்ந்த அந்நியர் அல்லர். பல படங்களில் உடன் நடித்து, அன்று பேச வந்திருந்த எம்.ஆர்.ராதா. எம்.ஜி.ஆர். உயிர் பிழைத்தார், ஆனால், கழுத்தில் பாய்ந்த குண்டு அவருடைய குரலை நிரந்தரமாக மாற்றிவிட்டது. ராதாவும் தன் உடலில் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குச் சென்றார். உடையில் மறைந்த ஆயுதம், பேச்சாய் முடிந்திருக்கக்கூடியதைச் சில நொடிகளில் ரத்தமாக மாற்றிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1993இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று, துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. கோபமும் மதுவும் மனச்சோர்வும் எல்லா வீடுகளுக்கும் வந்து போகிறவை. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே வேறுபாடு.

உண்மையான மிரட்டலுக்கு ஆளாகி, பயிற்சியும் பொறுப்பும் ஏற்று உரிமம் கோரும் பெண்ணை யாரும் குறைகூற இயலாது. சட்டம் அவருக்கு வழி விட்டிருக்கிறது. ஆனால், அதையே பொதுவான தீர்வாக முன்வைப்பது, காவல் என்னும் அரசின் கடமையைக் குடிமகளின் தோளில் ஏற்றுவதாகும். 1.22 லட்சம் ரூபாய், மீன் கூடை சுமக்கும் பெண்ணின் கைக்கு எட்டாத தொகை. அவருக்கு வேண்டியவை எரியும் தெருவிளக்கு, அதிகாலையில் வரும் பேருந்து, புகாரை மறுக்காமல் வாங்கும் காவல் நிலையம், தாமதமின்றி முடியும் வழக்கு. இவை கிடைத்தால் கைப்பையில் துப்பாக்கி வைத்திருப்பவரும் அதை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டு வெளியே வருவார்.